விழுந்தவர்களுக்கு மட்டும் படம்

உன் அப்பாவின் முதுகெலும்பில் சீழ் கட்டியிருந்ததை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, ரிப்போர்ட் நாளைக்கு வரும் என்று சொல்லி எங்களை மலைக்கு பஸ் ஏற்றிவிட்டாய்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை கண்ணு. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, உன் அப்பாவைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நம் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் செல்விக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். நேற்று நீ படம் எடுத்தாயே, பக்கத்து வீட்டுச் செல்வி, அவள்தான். காலையிலிருந்து அவளுடைய வலது பாதம் மரத்துப்போயிருக்கிறது. உனக்குப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், படித்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில் இல்லை. அடுத்த வாரம் மஸ்கட்டுக்குப் புறப்படுகிறாய், பெட்டி கட்டுகிற வேலை இருக்கும், தெரியும். அதனால் இதை நம் ஊர் வெள்ளக்கடைக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். அங்கே யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதலில் கேக் படம் போடுகிறவன் நீ. இதையும் பார்ப்பாய். நீளமாக இருக்கிறது என்று மற்றவர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு முதுகு எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை ஊரும் தெரிந்துகொள்ளட்டும். இன்னும் நிறைய முதுகுகள் இங்கே இருக்கின்றன.

நீ கால் முன்னால் வந்து பிறந்தவன். சேலத்துக்குக் கொண்டுபோக ஜீப் தேடிக்கொண்டிருக்கும்போதே உன் பாதம் வெளியே வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் பிழைத்தது நர்ஸம்மாவின் கைராசி. அப்படிப் பிறந்த பிள்ளை ஏறி மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று இந்த மலையில் நம்பிக்கை. நீ நடக்கத் தொடங்கியதுமே வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. காப்பி மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தவர்கள், நாள் முழுக்கக் குனிந்து களை வெட்டியவர்கள், சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். "மிதி சாமி, நல்லா ஏறி மிதி." நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முதுகில் நடப்பாய். கூலி ஒரு ஆரஞ்சு, இல்லாவிட்டால் ஒரு வாழைப்பழம். பள்ளிக்கூடத்தில் உனக்கு 'ரோடு ரோலர்' என்றே பெயர். எட்டாம் வகுப்பு வந்ததும், "பொம்பளப் புள்ளைக சிரிக்கறாங்கம்மா, இனிமே மிதிக்க மாட்டேன்" என்று அழுதாய். அத்தோடு அந்தத் தொழில் நின்றது.

டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை. ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பு கிடைத்தது, படித்தாய். சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைக் கோட்டோடு போட்டோ அனுப்பினாய். எஸ்டேட்டில் ஆள் பதிவு பார்க்கிற ரைட்டர் அதை எல்லோருக்கும் காட்டி, "முதுகு மேல நடந்துட்டு இருந்தவன் இப்ப முதுகுக்குள்ளயே பாக்கறானுங்கோ" என்றார். உன் அப்பாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். நம்மவன் ஒருவன் அந்த மிஷின் பக்கத்தில் நிற்கிறான், இனி நமக்கு ஒன்று என்றால் வாய்விட்டுக் கேட்க ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

உன் அப்பாவுக்கு வலி தொடங்கியது காப்பி எடுப்பு முடிகிற சமயம். நீ சேலத்தில் இருந்தாய், அதனால் தொடக்கத்தைப் பார்க்கவில்லை, சொல்கிறேன். மூட்டை தூக்கி வருகிற வலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடியது. புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிப்பார். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுட்டது. காலையில் எழுந்தால் பனியன் பிழிகிற அளவுக்கு வேர்வை. சோறு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இருமல் மட்டும் இல்லை. டி.பி. என்றால் இருமல், டி.பி. என்றால் நெஞ்சு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரிலும் இருமுகிற ஆள்தான் இருக்கிறான். முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் தைலமும் மாத்திரையும் கொடுத்தார். "வயசாகுதுங்களே மாமா. தேயத்தான் செய்யும்." ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "படமெல்லாம் அடிபட்டாத்தானுங்க எழுத முடியும்" என்றார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது டாக்டர் தலை நிமிராமல், "எத்தனை நாளா" என்று கேட்டார். உன் அப்பா பதில் சொல்லி முடிப்பதற்குள் மாத்திரை எழுதிவிட்டார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பின்னால் கதவுக்கு வெளியே வரை ஆள் நின்றது.

அப்புறம்தான் ரைட்டர் வீட்டுக்கு வந்தார். அவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஏனுங் மாமா, இப்படியே எத்தன நாளைக்குப் படுத்திருப்பீங்க? மொளகு மரத்துல ஏறறப்ப உழுந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. வேல எடத்துல அடின்னா எஸ்டேட் படம் எடுத்துத்தான் ஆகோணும்."

"நான் உழுகலையேப்பா."

"நீங்க உழுந்தா என்னுங்க, உழுகாட்டி என்னுங்க? இந்த வருசம் நம்ம எஸ்டேட்டுல மொளகவிட உழுந்த ஆளுகதான் ஜாஸ்தி. அந்த ஏணிக்கே சலிச்சுப் போயிருக்கும்."

உன் அப்பா சிரித்தார். சிரித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துபோனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொல்லிருங்க" என்றேன்.

அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. அதை உனக்கும் ஊருக்கும் தெளிவாகச் சொல்கிறேன். எஸ்டேட் பங்களாவில் இருந்த பழுப்பு நாய் பின்கால் இழுத்து நடந்தபோது, காரின் பின் சீட்டில் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துவந்தார்கள். நாய் விழுந்ததா, வேலை நேரத்தில் விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு வலிக்கிறது, அவ்வளவு போதும். இந்த மலையில் மனுஷனுக்கு வலிக்கிறது என்றால் போதாது. அவன் எங்கிருந்தாவது விழுந்திருக்க வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னவனுக்குத் தைலம், மரத்திலிருந்து விழுந்தேன் என்று பொய் சொன்னவனுக்குப் படம். இப்படி ஒரு வழியை வைத்துவிட்டு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்க யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் அந்தப் பொய் எங்களுக்கு முன்னாலேயே படம் எடுக்கிற அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்ரே சீட்டில் 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்று எழுதினார்கள். படம் வந்தது. ஒரு எலும்பு லேசாக நசுங்கியது போலத் தெரிந்தது. விழுந்தவர் என்று எழுதியிருக்கிறது, எலும்பு நசுங்கியிருக்கிறது, முடிந்தது கதை. பெல்ட் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சாயங்காலக் காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, மரத்திலிருந்து விழுந்தவனுக்குத் தினம் தினம் ஏன் காய்ச்சல் வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நீ லீவில் வந்தாய். உன் அப்பா வெட்கத்தைவிட்டு உன்னிடம் கேட்டார். "ஒருவாட்டி ஏறி மிதிச்சு உடு சாமி. எல்லாத்துக்கும் மிதிச்சிருக்கற, அப்பனுக்கு மிதிக்க மாட்டயா?" நீ அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாய். முதுகின் நடுவில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தொட்டதும் அவர் துள்ளினார். "மிதிக்கக் கூடாதுப்பா. யாரையும் மிதிக்க உடாதீங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கோணும்" என்று சொன்னாய். மாரமங்கலத்தில் சுளுக்கு எடுக்கிறவரைக் கூப்பிட்டிருந்தோம், அவரை வாசலோடு திருப்பி அனுப்பினாய். அந்தப் புண்ணியம் உன்னுடையதுதான். அன்று யாராவது மிதித்திருந்தால் அப்போதே எல்லாம் முடிந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். உன்னைக் குறை சொல்ல வந்தவள் இதை மறைத்துவிட்டுச் சொன்னால் அது நியாயமில்லை.

ரைட்டர் அதே விழுந்த கதையை இன்னும் கொஞ்சம் நீட்டி எஸ்டேட்டில் எம்.ஆர்.ஐ.க்குச் சம்மதம் வாங்கினார். உன் சென்டருக்கே வந்தோம். நீ அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியும் சத்தம் கேட்டது. உள்ளே போகிறபோது அவர், "கல்லு ஒடைக்கற மிஷினாட்ட இருக்குது, என்னைய முழுசா வெளிய உடுவயாடா?" என்று கேட்டார். நீ மைக்கில், "பேசாதீங்கப்பா. ஆடாம படுங்க" என்றாய். வீட்டில் உன்னை அதட்டியே வளர்த்தவர், நீ சொன்னபடி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

நீ வெளியே வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் பிடித்துக் குடித்தாய், மறுபடியும் பிடித்துக் குடித்தாய். "என்ன கண்ணு?" என்றேன். "ரிப்போர்ட் நாளைக்கு வரும்மா. ஊட்டுக்குப் போங்க." உன் குரலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். பெற்றவளுக்குப் பிள்ளையின் முகம் தெரியும் என்பார்கள். அன்று எனக்குத் தெரியவில்லை. நீ அவ்வளவு நன்றாக மூடிக்கொண்டாய்.

பஸ்ஸில் கடைசி சீட்தான் கிடைத்தது. அடிவாரம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உன் அப்பா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டபோது, "அம்மா" என்றார். அவர் அம்மா என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். நிற்கவில்லை. "என்ற காலு எங்க போச்சு புள்ள?" என்று என்னைக் கேட்டார், நான் எங்கேயோ எடுத்துவைத்துவிட்டது மாதிரி. மூத்திரமும் நின்றுபோனது. காப்பிக்கொட்டை காயவைக்கிற பலகையில் படுக்கவைத்து, ரைட்டரும் செல்வியும் நானும் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். ஆமாம், செல்வியும் ஒரு மூலையைப் பிடித்தாள்.

சேலத்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா உன் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு எனக்குக் காட்டினார். என்னிடம் யாராவது உட்காரவைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "இங்க பாருங்கம்மா. விழுந்து நசுங்கினா பெரும்பாலும் எலும்புதான் நசுங்கும், நடுவுல இருக்கற டிஸ்க் தப்பிச்சுக்கும். இங்க மேல் எலும்பு, கீழ் எலும்பு, நடுவுல டிஸ்க், மூணும் சேர்ந்து போயிருக்கு. கிருமிதான் இப்படித் தின்னும். பக்கத்துல பை மாதிரி வெள்ளையா இருக்கே, அது சீழ். அது பின்னால தண்டுவடத்தை அமுக்குது."

"எக்ஸ்ரேல இது தெரியலைங்களா?"

"எலும்பை நிறையத் தின்னு முடிச்ச பிறகுதான் எக்ஸ்ரேல நல்லாத் தெரியும். எம்.ஆர்.ஐ.ல முன்னாடியே தெரிஞ்சுடும். ஆனா என்ன தேடறோம்னு தெரிஞ்சு தேடணும். இவர் மரத்துல இருந்து விழுந்தவர்னு எழுதியிருக்கே."

"உழுகலைங்க."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உழுகாட்டி படம் எடுக்க மாட்டாங்களே."

 அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். கிருமி இருக்கிறது என்று படம் சொல்லும், எந்தக் கிருமி என்று ஊசி விட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சீழ் எடுத்தார்கள். டி.பி. என்று வந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை. முதுகில் மட்டும். ஆபரேஷன் செய்து சீழை எடுத்துக் கம்பி வைத்தார்கள். "நேத்தே படுத்தபடி இங்க கொண்டுவந்திருந்தா" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒருநாளில் என்ன மாறியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிக்காத வாக்கியத்தோடு நான்தான் வீட்டில் இருக்கிறேன்.

ஆபரேஷன் நடக்கும்போது நடையில் உட்கார்ந்திருந்தோம். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"அன்னைக்கே பாத்தேம்மா."

"என்ன பாத்த?"

"சீழு. தண்டுவடத்த அமுக்கிட்டு இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நான் டாக்டர் இல்லம்மா. படம் எடுக்கறவன். படத்தப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது, அது ரூல். பேசினா வேல போயிரும். ரிப்போர்ட் எழுதற டாக்டர் வேற ஊர்ல இருக்காரு, கம்ப்யூட்டர்ல அனுப்புவோம்."

"அவசரம்னு அவருக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"அவசரம்னு போடறதுக்கு மொதலாளி சொல்லோணும். மொதலாளி அன்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாரு."

"உங்கப்பாகிட்டச் சொல்றதுக்குமா ரூல்?"

"யாருகிட்டயும்மா."

சொல்லிவிட்டு அழுதாய். நான் உன் தலையில் கை வைத்தேன். பெற்றவள் அந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அன்றிலிருந்து அந்த ரூலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. படம் எடுக்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு நோயைச் சொல்லத் தொடங்கினால் ஜனங்கள் பயந்தே செத்துப்போவார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்ணு, நான் உன்னிடம் நோயின் பெயரைக் கேட்கவில்லை. "பஸ்ஸில் போகாதீங்க, இங்கேயே படுத்திருங்க, யாரையாவது கூட்டிட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை. அது ரிப்போர்ட் இல்லை. ரோட்டில் போகிற ஒருவன் இன்னொருவனிடம் "முன்னால பள்ளம் இருக்குதுங்க" என்று சொல்கிற மாதிரிதான் அது. அதைச் சொல்வதற்கு எந்த டாக்டர் பட்டமும் வேண்டாம். அதைக்கூடச் சொல்லக் கூடாது என்று உனக்குள் பதிகிற அளவுக்கு உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ரூல் நோயாளியைக் காப்பாற்றுவதற்காகப் போட்டதில்லை. முதலாளியின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது. இங்கே எஸ்டேட்டிலும் அதுதான். மேலே இருக்கிறவனுக்கு வம்பு வராமல் இருக்க வேண்டும்; அதற்காகக் கீழே இருக்கிறவன் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூட வேண்டும். உன் அப்பா பொய் சொன்னார். நீ வாயை மூடினாய். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டியது.

நீ மஸ்கட்டுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. போ. நல்ல மிஷின் இருக்கும், நல்ல அறை இருக்கும். உன் மிஷினுக்குள் படுக்கிறவர்களில் பாதிப்பேர் நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள்தான். கட்டடத்தில் சுமை தூக்குகிறவன், ஒட்டகம் மேய்க்கிறவன். அவர்களும் வேலை போய்விடும் என்று பயந்து ஏதாவது ஒரு கதையைச் சீட்டில் எழுதவைத்துக்கொண்டுதான் வருவார்கள். சீட்டைப் படித்துவிட்டுப் படம் எடுக்காதே. ஆளைப் பார்த்து, சாயங்காலம் காய்ச்சல் வருதா என்று ஒரு கேள்வி கேள். ஒட்டகத்தைக் கட்டி மேய்க்கிறவனிடம், பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறாயா என்று கேள். அதிலிருந்தும் ஒரு கிருமி முதுகுக்கு வரும் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். கேட்டதைப் படம் பார்க்கிற டாக்டருக்கு எழுதி அனுப்பு. கேள்வி கேட்பதற்கும் ரூல் இருக்கிறதா என்ன?

உன் அப்பாவுக்கு நான் இதை எழுதுவது பிடிக்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்துவிட்டார். இடது கால் இன்னும் இழுக்கிறது. மாத்திரையை ஒரு வேளை விடாமல் போடுகிறார், முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. ஏணி ஏறுவது இனி இல்லை. "அவன எதுக்கு ஊருக்கு முன்னால நிறுத்தற? புறப்படற பையன். அவன் மேல என்ன தப்பு? மொதலாளி சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடலீன்னா அங்க அவன எடுப்பாங்களா?" என்கிறார். வேலை பார்த்ததற்கான அந்தச் சான்று இல்லாமல் மஸ்கட் வேலை இல்லை, அதை முதலாளி கடைசி நாளில்தான் கொடுப்பார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் நீ போனை எடுக்கவில்லை என்பதும் தெரியும். "அப்ப செல்வி?" என்று கேட்டேன். உன் அப்பா வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

செல்வியைப் பற்றி இந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். புருஷன் திருப்பூரில். ஒரு பெண் பிள்ளை, என் அங்கன்வாடியில் இருக்கிறாள். கொஞ்ச காலமாகவே முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது அவள் கை பட்டது, சுட்டது.  அன்றே இழுத்துக்கொண்டு கீழே சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நம்மிடம் பேசிய டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்கேனுக்கு நாள் கொடுக்கிறோம் என்றார்கள். அவர்கள் கொடுத்த நாள் இன்னும் வரவில்லை.

பிறகென்ன, ரைட்டர்தான் வந்தார். "செல்வி, நீயும் உழுந்துரு தாயீ" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. களை வெட்டப் போனபோது சரிவில் கூடையோடு விழுந்ததாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நேற்று உன் சென்டருக்குக் கூட்டிவந்தேன். உன்னிடம் தனியாகச் சொன்னேன், இவள் விழவில்லை, காய்ச்சல், இளைப்பு, உங்கப்பா மாதிரியே என்று. நீ தலையாட்டினாய். அவளை உள்ளே கூட்டிப்போனாய். படம் முடிந்ததும் நீ வெளியே வரவில்லை. வேறொரு பெண் வந்து, "ரிப்போர்ட் நாளை மறுநாள் வரும்க்கா, நீங்க கெளம்பலாம்" என்றாள். நீ எங்கே என்று கேட்டேன். சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். உன் செருப்பு மிஷின் அறை வாசலிலேயே கிடந்தது.

அவளை பஸ்ஸில் ஏற்றவில்லை. காய்கறி இறக்கிவிட்டு வந்த வேனில், பின்னால் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். "எதுக்குங்க டீச்சரக்கா இவ்வளவு பண்றீங்க, நான் நல்லாத்தான இருக்கறேன்" என்றாள். இன்று காலை பாதம் மரத்துவிட்டது. கிள்ளினேன், தெரியவில்லை என்கிறாள். உடனே கிளம்பலாம் என்றால் வர மறுக்கிறாள். மறுபடியும் அந்த பெஞ்சில் உட்காரப் போவதில்லையாம். விழுந்தேன் என்று சொல்லிவிட்டு, படத்திலும் ஒன்றும் இல்லை என்றால் பொய் வெளியே வந்து ரைட்டருக்கு வேலை போய்விடுமாம். பிள்ளையை யார் பார்ப்பது என்கிறாள். நான் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. "தம்பி படத்தப் பாத்துச்சில்லீங்க? தம்பி வரச் சொன்னா வர்றேனுங்க. ஒண்ணுமில்லீன்னா ரிப்போர்ட் வரட்டும்" என்கிறாள். டாக்டர்களை நம்பவில்லை, என்னை நம்பவில்லை, உன்னை நம்புகிறாள். நான் ஒருகாலத்தில் நம்பியது மாதிரியேதான்.

ஜீப் வாசலில் நிற்கிறது. ரைட்டர் சாவியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். உன் அப்பா கதவோரம் வாக்கரில் நிற்கிறார். செல்வி கட்டிலிலிருந்து, "தம்பி என்னங்க சொல்லுச்சு?" என்று இப்போதும் கேட்டாள். அவளுடைய பிள்ளை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நோயின் பெயர் எனக்கு வேண்டாம். ரிப்போர்ட் வேண்டாம். நேற்று அவள் படத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். இவளை இப்போதே படுக்கவைத்துக் கொண்டுபோகவா, நாளை மறுநாள் வரை இருக்கட்டுமா? இரண்டில் ஒன்றை, அவள் காதில் விழும்படி, போனில் உன் வாயால் சொல்லு.